மொட்டை மாடியிலிருந்து ஒரு கோல்கீப்பர்

ஜூலை 6, ஞாயிறு

என் மனைவி சண்முகவடிவு செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இந்தா பாருங்க, உங்க மக எப்பிடிப் பாஞ்சு தடுக்கான்னு" என்றாள். பார்த்தேன். பச்சை மைதானம். நடுவில் ஒரு நீலப் புகை. புகைக்குப் பக்கத்தில் தடியாக ஒரு விரல்.

"விரல் யாருது?"

"என்னுதுதான். அத விடுங்க, புகையப் பாருங்க."

இப்படித்தான் நான்கு வருடமாக என் மகள் செண்பகா ஹாக்கி ஆடுவதைப் பார்த்து வருகிறேன். கோவில்பட்டியில் பிறந்து, ஹாக்கி விளையாடும் பிள்ளையையும் பெற்றுவிட்டு, புகையைப் பார்த்துத் திருப்திப்படுகிற ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன். இந்த வருடம் பிளஸ் டூ. மாவட்ட லீக்கில் அவள்தான் கோல்கீப்பர். அடுத்த வருடம் எந்த ஊர்க் காலேஜோ, எந்த மைதானமோ.

ஒரு நல்ல கேமரா வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மேட்சுக்கும் ஆகும், வீட்டு விசேஷத்துக்கும் ஆகும்.

ஜூலை 9, புதன்

"படம் எடுக்க கேமரா எதுக்குங்க? கடைய ரெண்டு மணி நேரம் அடச்சிட்டு நேர்ல வாங்க" என்கிறாள் சண்முகவடிவு. மோட்டார் உதிரிபாகக் கடையை அப்படியெல்லாம் நினைத்தபோது அடைக்க முடியாது. தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் விவசாயம் பார்க்கிற சம்சாரி நம் மேட்ச் முடியும்வரை காத்திருப்பானா?

சரி, அது மட்டும் காரணம் இல்லை. எனக்கு ராசி கிடையாது. செண்பகா ஆட வந்த புதிதில் மூன்று மேட்சுக்குப் போனேன். முதல் மேட்சில் வரிசையாக கோல் விழுந்தது. இரண்டாவதில் அவள் விரல் வீங்கிப் போனது. மூன்றாவதில் கடைசி நிமிடத்தில், பந்து யார் காலிலோ பட்டுத் திரும்பி உள்ளே போனது. அன்றைக்கு அவள் அழுதுகொண்டே, "நீங்க வராதீங்கப்பா" என்றாள். போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். நான் போகாத வருடங்களில் அவள் மாவட்ட டீமுக்கு வந்துவிட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அதையும் எழுதித்தான் வைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மைத்துனன் திருமலைக்குமாரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவனிடம் கேமரா இல்லை. ஆனால் கேமராவைப் பற்றி யூடியூபில் அவன் பார்க்காத வீடியோவும் இல்லை. ஒரு மணி நேரம் பேசினான்.

"அத்தான், பாடியா முக்கியம்? லென்ஸ்தான் முக்கியம். எவ்வளவு தூரத்துல நின்னு எடுப்பீங்க?"

"நல்ல தூரம்."

"கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்துல போய் நிக்கலாமே. நம்ம பிள்ளதான, யாரு என்ன சொல்லப் போறா?"

"நல்ல தூரம்னு சொன்னா நல்ல தூரம்தான். மைதானத்துக்கு வெளியேன்னு வச்சுக்க."

"வெளியே இருந்தா? எதுக்கு?"

ஒரு ஆள் ஃபுட் வால்வு கேட்டு வந்ததாகச் சொல்லி போனை வைத்தேன். ஆள் யாரும் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் காந்திமதிநாதன் தன் பழைய கேமராவை, பிடித்துப் பார்க்கட்டும் என்று கொடுத்தார். நல்ல கனம். கண்ணை வைத்துப் பார்த்தேன். தெருக்கோடியில் நின்ற ஆட்டின் தாடி ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. சொக்கிப் போனேன்.

"அண்ணாச்சி, இதுல தெரியுறது நேரடியாத் தெரியுறதா?" என்று கேட்டேன்.

"ஆமா. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் உள்ள இருக்கிற கண்ணாடில பட்டு அப்பிடியே உங்க கண்ணுக்கு வருது. கலப்படமே கிடையாது."

அப்படியானால் நேரில் பார்ப்பதுதானே? மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தால் பார்க்கவில்லை என்று சொல்ல முடியுமா? கேமராவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "என்ன பிடிக்கலையா?" என்றார் பாவம். கனம் என்று சொல்லிச் சமாளித்தேன். காலையில்தான் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைத் தனியாகத் தூக்கி வண்டியில் வைத்ததை அவரே பார்த்திருக்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள் என்று மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். கேமராக் கடையில் கல்லாவில் இருந்த அம்மாளே எழுந்து வந்து காட்டினார். ஷகீலா பானு என்று பெயர்ப் பலகை மேஜையில் இருந்தது.

"என்னத்துக்கு சார் வேணும்?"

"இவ ஹாக்கி ஆடுறா. அப்புறம் வீட்டுல நல்லது பொல்லதுக்கு."

ஒரே நேரத்தில் மூன்று பேரும் பேசினோம். சண்முகவடிவுக்கு முகம் பளிச்சென்று விழ வேண்டும், பின்னால் இருக்கிற கொடிக்கயிறு தெரியக் கூடாது. செண்பகாவுக்குக் கைக்கு அடக்கமாக இருந்தால் போதும். எனக்கு ஒரே கேள்விதான்.

"இதுல கண்ண வச்சுப் பாத்தா தெரியுறது நேரடியாத் தெரியுறதா?"

அந்த அம்மாள் சிரித்தார். "இல்ல சார். இது மிரர்லெஸ். உள்ள கண்ணாடி கிடையாது. லென்ஸ்ல விழுறத மெஷினு வாங்கி, உள்ள ஒரு சின்னத் திரையில போட்டுக் காட்டும். நீங்க பாக்குறது அந்தத் திரையத்தான்."

"அப்போ டிவி மாதிரி?"

"குட்டி டிவின்னு வச்சுக்கங்களேன்."

"டிவில மேட்ச் பாக்குற மாதிரி?"

"அட, ஆமாங்க சார்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, செண்பகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். டிவியில் பார்ப்பதற்கு ராசி ஏது! ஊரே டிவியில் மேட்ச் பார்க்கிறது. ஒருவன் ராசி இல்லாதவன் என்பதற்காக எந்த டீமாவது தோற்றிருக்கிறதா?

"சத்தம் வருமா?"

"சைலன்ட்ல வச்சா ஒரு சத்தம் வராது. கோயில், கச்சேரி எல்லாத்துலயும் எடுக்கலாம்."

தூரத்துக்கு ஒரு நீள லென்ஸ், வீட்டுக்கு ஒரு குட்டை லென்ஸ். கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கச் சொன்னார். திரை ஓடுவதால் இதற்குப் பசி அதிகமாம். விலையைக் கேட்டதும் சண்முகவடிவு என் கையைக் கிள்ளினாள். கிள்ளியது வாங்க வேண்டாம் என்பதற்கா, வாங்குங்கள் என்பதற்கா என்று இருபது வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. வாங்கிவிட்டேன்.

திரும்பும்போது சாத்தூர் வந்ததும் திருமலைக்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "மிரர்லெஸ்ஸா! அத்தான், விவரமாத்தான் வாங்கியிருக்கீங்க. எந்த அம்சத்தப் பாத்து வாங்குனீங்க?" என்றான். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

கடையில் கூட்டம். படம் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று இரண்டு பேரிடம் வருத்தப்பட்டுச் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

சண்முகவடிவு தோசை ஊற்றும்போது குட்டை லென்ஸில் எடுத்தேன். பின்னால் அடுக்களை அலமாரி எல்லாம் கரைந்து போய் அவள் முகம் மட்டும் தனியாக நிற்கிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை ஒன்று கருகியது. "இந்த நைட்டியோடயா எடுக்கணும்?" என்று திட்டிவிட்டு, தன் அக்காவுக்கு அனுப்பச் சொன்னாள்.

ஜூலை 27, ஞாயிறு

லீக்கில் முதல் மேட்ச். கேமராவை சண்முகவடிவிடம் கொடுத்து அனுப்பினேன். எந்தப் பித்தானை அழுத்த வேண்டும் என்று சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டார்கள். ஆவலாகத் திறந்து பார்த்தால் ஒரு படம்தான் இருந்தது. அவள் செருப்பு.

"நான் கத்துவேனா, படம் எடுப்பேனா?" என்றாள். கூட்டுறவு வங்கியில் நாள் முழுக்க வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவள். மைதானத்தில் நடுவருக்கே பயம் வரும்படி கத்துவாளாம். செண்பகா சொன்னாள்.

ஆக, வேறு வழியில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மைதானத்துக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆரோக்கியராஜ் அண்ணாச்சியின் பைப் கடை. அவரிடம் பேச வேண்டிய வியாபாரம் இருந்தது. பேசினேன். பிறகு, "மாடிக்குப் போயி கேமராவக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிக்கிடட்டுமா அண்ணாச்சி?" என்றேன். "போங்க, அப்பிடியே தண்ணித் தொட்டி ரொம்பிட்டான்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

நான் மேட்ச் பார்க்கவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். மாடிக் கதவைத் திறக்கும்போதே கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அப்படியே தட்டுத் தடுமாறிக் கைப்பிடிச் சுவர் வரை போனேன். ஒரு தடவை கொடிக்கயிறு கழுத்தில் மாட்டியது. வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குட்டி டிவியில் என்ன ஓடுகிறதோ அதைப் பார்த்தேன். அதில் என் மகள் ஓடினாள்.

எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! காலில் அத்தனை பெரிய பேடைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எல்லோரையும் அதட்டுகிறாள். அவளைவிட உயரமான பிள்ளைகள் "சரி செண்பா, சரி செண்பா" என்று நகர்கிறார்கள். வீட்டில் தண்ணீர் செம்பை எடுத்து வைக்கச் சொன்னால் கேட்காத கழுதை இது. ஒரு பந்து வலது மூலைக்கு வந்தது. விழுந்தாள் பாருங்கள்! நான் பித்தானை விடவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து குட்டி டிவி கலங்கிவிட்டது. வெயில் அதிகம்.

ஒன்று பூஜ்யம். ஜெயித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, மேட்ச் எப்படி என்று ஒன்றும் தெரியாதவனைப் போலக் கேட்டேன். தொட்டி ரொம்பிவிட்டதா என்று ஆரோக்கியராஜ் அண்ணாச்சி போன் போட்டபோதுதான் அந்த ஞாபகமே வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. திருமலைக்குமார் குடும்பத்தோடு தாமிரபரணிக்குப் போனோம். புளியோதரை, தயிர்ச்சோறு, எலுமிச்சை, தேங்காய்ச்சோறு. அவனுடைய ஒன்றரை வயதுக் குட்டி தண்ணீரில் கையை அடித்து அடித்துச் சிரித்தது. தெறித்த ஒவ்வொரு துளியும் படத்தில் நிற்கிறது. எடுத்தவன் நான்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை. எல்லோரும் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். இந்தக் குடும்பத்தில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது கல்யாணத்தன்று. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது திருமலைக்குமாரிடம் மெல்லக் கேட்டேன். "வேகமாப் போற சாமான எடுத்தா வில்லு மாதிரி வளைஞ்சு விழுதே, ஏன்?"

"சைலன்ட்ல எடுத்தீங்களா? அதுல அப்பிடித்தான் வளையும். என்ன சாமான் அத்தான்?"

ஹாக்கி மட்டை என்று சொல்ல முடியுமா? "ஃபேன்" என்றேன்.

"ஃபேனயா படம் எடுத்தீங்க?"

"ஓடுதான்னு பாத்தேன்."

செண்பகாவுக்குப் புரையேறிவிட்டது. தயிர்ச்சோற்றில் மிளகாய் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

என்னத்தை எழுத.

செமி ஃபைனல். மாடிக்குப் போனேன். முதல் பாதி முழுக்க நன்றாகத்தான் போனது. இரண்டு கோல் போட்டு முன்னால் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் பக்கம் மாறி, செண்பகா எதிர்க் கோடியில், என்னைப் பார்த்தபடி நின்றாள். திடீரென்று குட்டி டிவி அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மாற்றுப் பேட்டரி பையில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பையைத் துழாவினேன். கிடைக்கவில்லை. கீழே கூட்டம் ஹோ என்று கத்தியது. என்னமோ ஏதோவென்று பதறி எழுந்து, வெறுங்கண்ணால் பார்த்துவிட்டேன்.

பந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்த அதே நொடியில்!

ஜெயித்துவிட்டார்கள், இரண்டுக்கு ஒன்று. ஆனாலும் அந்த ஒன்று என்னுடையது. பச்சைப் பிள்ளைக்கு நான் செய்கிற காரியமா இது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கேமராவைத் துடைத்து, பையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடுத்த ஞாயிறு ஃபைனல். கடையில் கணக்கு வழக்குப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் செண்பகா பிராக்டிஸ் முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். கயத்தாறிலிருந்து ஒரு பெரியவர் வந்து பம்புக்கு வாஷர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை மாடிக்கு வரலயா?"

"எந்த மாடி?"

"ஆரோக்கியராஜ் மாமா மாடிதான். கேமரா பீரோவுக்குள்ள போயிருச்சே, அதான் கேக்குதேன்."

கையிலிருந்த டப்பா சரிந்து வாஷர் எல்லாம் கடை முழுக்க உருண்டது.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பந்து அந்தப் பக்கம் கிடந்தா கோல்கீப்பருக்கு என்ன வேலை? வேடிக்கதான் பாக்கணும். எதுக்க மாடில ஒரு ஆளு தலைல துண்டப் போட்டுக்கிட்டு, பீரங்கி கணக்கா ஒண்ண நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. எங்கப்பாவ எனக்குத் தெரியாதா? மொத நாளே பாத்துட்டேன்."

இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி இருக்கிற கேமரா, கண்ணாடி இல்லாத கேமரா, குட்டி டிவி, அதில் பார்த்தால் பார்த்தது ஆகாது என்பது வரைக்கும். செண்பகா ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"சிரி, நல்லாச் சிரி. செமி ஃபைனல்ல ஒரு கோல் விழுந்துச்சே, அது எப்பிடி விழுந்துச்சு? நான் வெறுங்கண்ணால பாத்தேன். விழுந்துச்சு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க பாத்ததுல விழல. நீங்க திடுதிப்புன்னு மாடில காணாமப் போயிட்டீங்க. அந்த வெயில்ல மயக்கம் போட்டு விழுந்துட்டீங்களோன்னு நான் மாடியவே பாத்துக்கிட்டு நிக்கேன். பந்து வந்ததே தெரியல. கோச் கேட்டதுக்கு, கண்ணுல வெயில் அடிச்சுச்சுன்னு பொய் சொன்னேன்."

கீழே உட்கார்ந்து வாஷர் பொறுக்க ஆரம்பித்தேன். அவளும் குனிந்து பொறுக்கினாள்.

"நீதான வராதீங்கன்னு சொன்ன" என்றேன்.

"எப்ப?"

"அந்த மூணாவது மேட்ச்சு அன்னைக்கு."

"அப்ப எனக்கு பதிமூணு வயசுப்பா. தோத்துட்டு வந்தா அம்மாவத் திட்டுவேன், செருப்பத் திட்டுவேன். அதயா இத்தன வருஷமாப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க? உங்களுக்குக் கடைதான் முக்கியம்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"ஃபைனலுக்கு மாடி வேண்டாம்" என்றாள் செண்பகா. "கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க. நீங்க பக்கத்துல இருந்தா நான் அங்கயும் இங்கயும் தேட வேண்டாம்ல?"

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போறோம்."

"போங்க அண்ணாச்சி, பிள்ள கூப்பிடுதுல்லா" என்றார் பெரியவர். வாஷரை வாங்காமலே போய்விட்டார். நாளைக்கு வருவார்.

ஆகஸ்ட் 16, சனி

பேட்டரி இரண்டையும் சார்ஜ் போட்டேன். எடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

"ஆவணி பொறந்துருச்சு, எல்லாம் நல்லா நடக்கும்" என்று சண்முகவடிவு திருநீறு பூசிவிட்டாள். எனக்கா, கேமராவுக்கா என்றேன். இரண்டுக்கும் பூசினாள்.

கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில், கம்பி வேலியை ஒட்டிப் போய் நின்றேன். கிட்டே நின்றால்தான் தெரிகிறது, பந்து பேடில் படும் சத்தம் நெஞ்சில் படுகிறது. செண்பகா ஒரு தடவை திரும்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

முதல் பாதியில் சத்தமாகவே படம் எடுத்தேன். மட்டை ஒன்றும் வளையவில்லை. தரையோடு நீட்டிப் படுத்து அவள் தடுத்த ஒரு பந்து அப்படியே படத்தில் விழுந்திருக்கிறது. ஹெல்மெட் கம்பிக்குள் அவள் பல்லைக் கடித்திருப்பது வரை தெரிகிறது. இரண்டாம் பாதியில் அவள் எதிர்க் கோடிக்குப் போனாள். நானும் வேலியை ஒட்டியே ஓடி அங்கே போய் நின்றேன். அப்போது ஒன்றுக்கு ஒன்று. கேமரா கழுத்தில் தொங்கியது. அதை எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

கடைசியில் எதிரிக்கு ஒரு பெனால்டி கார்னர். அடித்த பந்தைச் செண்பகா காலால் தடுத்தாள். தடுத்த பந்து தெறித்து அந்த டீமின் இன்னொரு பெண்ணின் மட்டைக்கே போனது. உள்ளே போட்டுவிட்டாள். இரண்டு ஒன்று. தோற்றுவிட்டோம்.

ஓசைப்படாமல் போய்விடலாமா என்று கேட் பக்கம் பார்த்தேன். அதற்குள் செண்பகா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வேலிக்கு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். "போயிராதீங்கப்பா, டீம் போட்டோ எடுக்கணும்" என்றாள். எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சண்முகவடிவு பின்னாலிருந்து, "தோத்ததுக்கே கோப்பை குடுக்காங்க, அதுக்காவது சிரிங்கட்டி" என்று கத்தியதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதையும் எடுத்தேன்.

சண்முகவடிவு மற்ற அம்மாக்களோடு ஆட்டோவில் வந்தாள். செண்பகா என் பின்னால் வண்டியில் ஏறிக்கொண்டாள். எட்டயபுரம் ரோட்டில் திரும்பினோம்.

வழக்கமாக எனக்கு மேட்ச் சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்வாள். எந்த டீம், யார் யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் அடித்தார்கள் என்று. ஒன்றும் தெரியாத ஆளுக்கு அப்படித்தானே சொல்ல வேண்டும். இன்று தோள் மேல் தாடையை வைத்துக்கொண்டு,

"அந்த ரெண்டாவது கோல் இருக்குல்லப்பா" என்று ஆரம்பித்தாள்.

"ஆமா."

"நான் கால வெளிப்பக்கம் திருப்பியிருக்கணுமோ?"

"திருப்பியிருந்தா பந்து வெளிக்கோட்டத் தாண்டிப் போயிருக்கும். நீ நேரா வச்ச. அதான் அவ மட்டைக்கே போயிருச்சு."

"அவ அங்கன நிக்கிறது எனக்குத் தெரியலப்பா."

"எனக்குத் தெரிஞ்சுச்சு. ஆனா அம்மா கத்துற கத்துல நான் சொல்லி எங்க கேக்க?"

அவள் சிரிப்பு என் முதுகில் குலுங்கியது. வீடு வந்த பிறகும் வண்டியை நிறுத்திவிட்டு, கேட்டிலேயே நின்று காலை இப்படித் திருப்பியிருந்தால், அப்படித் திருப்பியிருந்தால் என்று இரண்டு பேரும் ரோட்டில் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தோம். ஆட்டோவில் வந்து இறங்கிய சண்முகவடிவு எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ள போயிப் பேசுங்க ரெண்டு பேரும், தெருவே பாக்குது" என்றாள்.